அந்தக் கறுப்பு நிறம் ரோமானியர் கொடுத்தது அல்ல

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019-ல் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, கெட்டி வில்லா அருங்காட்சியகத்தில் நடந்த, எரிமலையில் புதைந்த ரோமானிய மாளிகையான வில்லா டெய் பாப்பிரி பற்றிய கண்காட்சியைப் பார்த்திருக்கிறீர்கள். பாறைமேல் மல்லாந்து, ஒரு கையைத் தூக்கி விரலைச் சொடுக்கும் குடிகார சாட்டிர் (கிரேக்கப் புராணத்தில் மது தெய்வத்தின் தோழன்) சிலை உங்களை நிறுத்திவைத்திருக்கிறது. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை என்று எழுதியிருந்தது, சமீபத்தில் சீரமைக்கப்பட்டது என்றும் எழுதியிருந்தது. ஆனால் உடம்பு முழுக்க ஒரே கறுப்பு, களிம்பு இல்லை, உடைந்த தடம் இல்லை. "எரிமலையில் புதைந்த சிலை இப்படி இருக்குமா? சீரமைப்பு என்ற பெயரில் பாதியைப் புதிதாகச் செய்துவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, இத்தாலியின் பிரெஷாவில் உள்ள சிறகு முளைத்த வெற்றித் தேவதையின் படத்தைப் போட்டு, "இதுவும் சீரமைத்ததுதான் என்கிறார்கள், பிறகு ஏன் பச்சை பூத்து, கேடயம் இல்லாமல் வெறுங்கையோடு நிற்கிறது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது ரோமானியர் செய்ததையா, பின்னால் வந்தவர்கள் செய்ததையா என்பதுதான் அடியில் இருக்கும் கேள்வி.

நான் உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலையில் பயிற்சி பெற்றவன். பல வருஷங்களாகச் செம்புக் கலவைகளோடுதான் என் பிழைப்பு. ரோமானியக் கலை வரலாறு என் துறை அல்ல. நீங்கள் சொல்லும் சிலைகளில் நான் கைவைத்து வேலை செய்ததும் கிடையாது. வெளியான ஆய்வுகளையும், இந்த வகை உலோகம் எப்படி நடந்துகொள்ளும் என்ற அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன். சுருக்கமான பதில் இது: சாட்டிரின் உருவம் ரோமானிய வார்ப்பு. நீங்கள் பார்த்த மேல்தோற்றத்தில் பெரும்பங்கு 18-ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் பட்டறையின் கைவேலை. சமீபத்தில் சீரமைத்தவர்கள் புதிதாகச் சேர்த்தது மிகக் குறைவு.

நடந்தது இதுதான். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பே நகரின் மேல் முதலில் நுரைக்கற்கள் மழையாகக் கொட்டின. பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்துக்கு வந்தது வேறு. கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த வெள்ளம் மலையிலிருந்து அதிவேகமாக இறங்கி ஊரைத் தாக்கியது. அடுக்கடுக்காக வந்து படிந்தது 20 மீட்டர் ஆழத்துக்குப் பாறையாக இறுகியது. அந்த வேகத்தில் நின்ற சிலைகள் பெயர்ந்தன, நசுங்கின, துண்டு துண்டாகச் சிதறின. ஊருக்கு வெளியே கடலைப் பார்த்து இருந்த பெரிய மாளிகைதான் வில்லா டெய் பாப்பிரி. 1750-ல் கிணறு தோண்டும்போது தட்டுப்பட்டது. கார்ல் வெபர் என்ற சுவிஸ் ராணுவப் பொறியாளர் மேற்பார்வையில் பாறைக்குள் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்து பொருள்களை வெளியே எடுத்தார்கள். கருகிய பாப்பிரஸ் சுருள்கள் ஆயிரத்துக்கு மேல், வெண்கலமும் பளிங்குமாகச் சிலைகள் 80-க்கு மேல். சாட்டிர் கிடைத்தது 1754-ல்.

அந்தக் காலத்தில் பழுதடைந்த சிலையை அப்படியே மக்கள் முன் வைக்கும் வழக்கம் இல்லை. நேப்பிள்ஸை ஆண்ட போர்பன் வம்சத்து மன்னர் சார்லஸுக்கு, தன் போர்டிச்சி அரண்மனையில் வைக்கக் கண்ணுக்கு நிறைவான முழு உருவங்கள் வேண்டும். சிற்பி ஜோசப் கனார்ட்டின் பொறுப்பில் இருந்த பட்டறை அதைச் செய்து கொடுத்தது. துண்டுகளை நெருப்பில் காட்டி நிமிர்த்தினார்கள். களிம்பைச் சுரண்டி எடுத்தார்கள். இல்லாத இடத்துக்குப் புது வெண்கலம் வார்த்துப் பொருத்தினார்கள். உள்ளே இரும்புக் கம்பி கொடுத்து நிறுத்தினார்கள். புது வெண்கலம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னை இன்றும் உறுத்தும் விஷயம். எந்தச் சிலைக்குச் சேர்ந்தது என்று தெரியாத பழைய துண்டுகளையே உருக்கிவிட்டார்கள். ஹெர்குலேனியத்தில் நான்கு குதிரை பூட்டிய வெண்கலத் தேர் ஒன்று துண்டுகளாகக் கிடைத்தது. அதில் ஒரு பகுதியை உருக்கி அரசர், அரசியின் உருவப் பதக்கங்கள் செய்தார்கள். மிஞ்சியதில் பல குதிரைகளின் துண்டுகளைச் சேர்த்து ஒரே குதிரையாக்கினார்கள். மாட்சோக்கி குதிரை என்ற பெயரில் அது இன்றும் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஜெர்மன் அறிஞர் விங்கல்மான் 1760-களிலேயே இந்தக் கொடுமையைக் கண்டித்து எழுதி, நேப்பிள்ஸ் அரசவையின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார்.

சரி, நிறத்துக்கு வருவோம். இப்படிப் பழையதும் புதியதும் கலந்து ஒட்டிய சிலை அப்படியே விட்டால் பல நிறமாகத் தெரியும். ஒட்டு தெரியக்கூடாது என்பதற்காக மொத்தமாக ஒரு கருநிறப் பூச்சு கொடுத்தார்கள். நீங்கள் பார்த்த வழவழப்பான கறுப்பு அதுதான். அந்த அரங்கில் இருந்த ஹெர்குலேனியம் வெண்கலங்கள் எல்லாம் ஒரே குடும்பம் போலத் தெரிந்ததற்குக் காரணம் அவை ஒரே வில்லாவில் கிடைத்தது மட்டும் அல்ல, ஒரே பட்டறை வழியாக வந்ததும்தான். இந்தத் தோற்றம் எவ்வளவு ஊறிப்போனது என்றால், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நேப்பிள்ஸில் நகல் சிலைகள் வார்த்து விற்ற கியுராட்சி பட்டறை, வாங்குபவருக்கு "ஹெர்குலேனியம்" நிறமா "பொம்பே" நிறமா என்று தேர்ந்தெடுக்கவே இடம் கொடுத்தது. முன்னது கருமை, பின்னது பச்சை. இதில் நீங்கள் சரிபார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கெட்டி வில்லாவின் கட்டடமே அந்தப் பழைய மாளிகையின் வரைபடத்தை வைத்துக் கட்டியது. தோட்டத்தில் நீளமான குளத்தைச் சுற்றி நிற்கும் சிலைகள் நகல்கள், அவை கியுராட்சி பட்டறையின் வார்ப்புகள். அங்கேயும் ஒரு குடிகார சாட்டிர் படுத்திருக்கிறது. உங்கள் படங்களில் வெயில் அடிக்கிறது என்றால் அது நகல். உள்ளே அரங்கில் எடுத்தது என்றால் நேப்பிள்ஸிலிருந்து வந்த அசல்.

இன்னொரு குழப்பத்தையும் நீக்க வேண்டும். நம் ஊரில் சிலை என்றால் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிதான் மனதுக்கு வரும். அது பெரும்பாலும் உள்ளும் புறமும் கெட்டியான ஒரே வார்ப்பு. ரோமானியர்களின் ஆளுயரச் சிலைகள் அப்படி அல்ல, உள்ளே கூடு. களிமண் கருவின் மேல் மெழுகு, அதன் மேல் மறுபடி மண். மெழுகு உருகி வழிந்த மெல்லிய இடைவெளியில்தான் வெண்கலம் ஓடும். சுவர் பல இடங்களில் சில மில்லிமீட்டர் கனமே இருக்கும். தலை, கை, கால் எல்லாம் தனித்தனியாக வார்த்து, உருகிய வெண்கலத்தையே ஊற்றி இணைப்பார்கள். வார்ப்பில் காற்றுக்குமிழி விழுந்த இடத்தைச் சதுரமாகச் செதுக்கி, அளவாக வெட்டிய வெண்கலத் தகட்டை அடித்து இறக்குவார்கள். அதனால் ஒரு ரோமானியச் சிலையில் ஒட்டும் இணைப்பும் இருப்பதைப் பார்த்து "இது பின்னால் வந்தவர் வேலை" என்று முடிவுகட்டக் கூடாது. நேர்த்தியான சிறு செவ்வகத் தகடுகள் பெரும்பாலும் ரோமானிய வார்ப்பாளரின் கைதான். திருகாணி, இரும்புக் கம்பி, ஈயப்பற்று, சாந்து அடைப்பு இவையெல்லாம் தென்பட்டால்தான் 18, 19-ஆம் நூற்றாண்டுகளைச் சந்தேகிப்போம்.

இவற்றை எப்படிப் பிரித்தறிகிறோம்? முதல் கருவி எக்ஸ்ரே. உள்ளே எங்கே கம்பி போகிறது, எந்த இடத்தில் சுவர் தடிக்கிறது, எந்தப் பகுதி தனி வார்ப்பு என்பது அதில் தெரியும். சிலைக்குள் சிறு துளை வழியே கேமரா விட்டுப் பார்த்தால் மெழுகு வழிந்த தடம், விரலால் அழுத்திய தடம்கூடக் கிடைக்கும். புறஊதா ஒளியில் பழைய பிசின்களும் பூச்சுகளும் வேறு நிறத்தில் ஒளிரும். உலோகக் கலவையைச் சோதிக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது. ரோமானியச் சிலை வெண்கலத்தில் செம்போடு வெள்ளீயமும் கணிசமாகக் காரீயமும் இருக்கும். ஒரு கையில் மட்டும் துத்தநாகம் தூக்கலாக வந்தால் அது பிற்காலப் பித்தளையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும். களிம்பும் பூச்சும் ஏறிய தோலைப் படித்துவிட்டு உள் உலோகத்தைப் பற்றிச் சொன்னால் தவறாகப் போகும். இன்னொரு எல்லை, வெண்கலத்தின் வயதை நேரடியாகக் கணிக்க வழி கிடையாது. உள்ளே மிஞ்சிய களிமண் கரு கடைசியாக எப்போது சூடானது என்பதைக் கணிக்கும் முறை உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் நெருப்பில் காட்டி நிமிர்த்திய சிலையில் அந்தக் கணக்கும் குழம்பும். போர்பன் பட்டறை பழைய துண்டுகளையே உருக்கிப் புதுப்பாகம் வார்த்திருந்தால் கலவையும் பழையது போலவே காட்டும். இப்படிப்பட்ட இடங்களில் நேர்மையான ஆய்வறிக்கை "இருக்கலாம்" என்றுதான் எழுதும்.

இன்றைய சீரமைப்பாளரின் முதல் கவலை அழகு அல்ல, உப்பு. மண்ணிலிருந்தும் கடல் காற்றிலிருந்தும் உறிஞ்சிய குளோரைடு உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும். ஈரம் பட்டால் விழித்துக்கொண்டு வெளிர்பச்சைப் பொடியாகப் பொங்கி, குழி குழியாக அரித்துக்கொண்டே போகும். எங்கள் துறையில் இதை வெண்கல நோய் என்கிறோம். இறுகிப்போன கரும்பச்சைக் களிம்பு வேறு, இது வேறு. இறுகியது உலோகத்துக்குக் காப்பு, பொடியாக உதிர்வது அரிப்பு. உதிரும் இடத்தை ஊசிமுனையால் சுத்தம் செய்து, பென்சோட்ரையசோல் என்ற மருந்து கொடுத்து, மேலே மெல்லிய பிசின் அல்லது மெழுகு பூசி, காற்றின் ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குள் வைத்தால் நோய் அடங்கும். பென்சோட்ரையசோல் பழம்பொருள்களுக்குப் பயன்பட ஆரம்பித்தது 1960-களின் பிற்பகுதியில்தான். அதற்கு முன் உலகம் முழுக்கப் பரவியிருந்த வழி, மின்பகுப்பின் மூலம் களிம்பை மொத்தமாக எடுத்துவிடுவது. நம் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் 1930-களில் அந்த முறையில் பல திருமேனிகளைக் காப்பாற்றினார். அன்றைக்கு அது முன்னோடியான வேலை. இன்றைக்கு அதைத் தயங்கித் தயங்கித்தான் செய்கிறோம். காரணம், பல சிலைகளில் சிற்பி செதுக்கிய கடைசி மேற்பரப்பு உலோகத்தில் இல்லை, களிம்பு அடுக்குக்குள்தான் பதிந்திருக்கிறது. களிம்பை எடுத்தால் புருவமயிரும் விரல்நகமும் அதோடு போய்விடும்.

பழுதை அடைப்பதிலும் வழக்கம் மாறிவிட்டது. நிரப்பும் பொருள் எப்போது வேண்டுமானாலும் கரைத்து எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். செய்ததெல்லாம் படத்தோடு பதிவாக வேண்டும். ஆறடி தள்ளி நின்றால் ஒட்டு தெரியக்கூடாது, ஆறங்குலத்தில் பார்த்தால் தெரிய வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். ஆதாரம் இல்லாத பாகத்தைப் புதிதாகச் செய்து வைப்பதில்லை.

அப்படியானால் சாட்டிரின் மேல் இருக்கும் போர்பன் காலக் கறுப்பை ஏன் கழுவி எடுக்கவில்லை? நியாயமான கேள்வி, துறைக்குள்ளும் இதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்தச் சிலை 2018-ல் கெட்டிக்கு வந்து, ஆய்வும் பராமரிப்பும் முடிந்த பிறகுதான் கண்காட்சியில் வைக்கப்பட்டது. நேப்பிள்ஸ் அருங்காட்சியகமும் கெட்டியும் செய்துகொண்ட ஏற்பாடு அப்படி. அவர்கள் கடன் கொடுக்கிறார்கள், இவர்கள் சிலையை ஆராய்ந்து பத்திரப்படுத்தி, சில மாதம் காட்சிக்கு வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். 2011-ல் பொம்பேயின் அம்பெய்யும் அப்போலோவும், 2013-ல் ஹெர்குலேனியத்துப் பேரரசர் திபேரியஸும் இதே வழியில் வந்து போனவை. இந்தச் சிலைகளில் பழைய சீரமைப்பைப் பிரித்து எறிவதற்குப் பதில் அதையும் ஆராய்ந்து பதிவுசெய்வதே போக்காக இருந்தது. எனக்கு அதில் முழுச் சம்மதம். ஒன்று, கறுப்பை எடுத்தால் அடியில் ரோமானிய மேற்பரப்பு காத்திருக்கப் போவதில்லை. அதை 250 வருஷத்துக்கு முன்பே சுரண்டிவிட்டார்கள். கிடைப்பது ஒட்டுப்போட்ட வெற்று உலோகம்தான். இரண்டு, ஐரோப்பா பழைய ரோமானியக் கலையைத் தெரிந்துகொண்டதே இந்தக் கறுப்பு உருவங்கள் வழியாகத்தான். அந்தக் கைவேலைக்கும் ஒரு வரலாற்று உரிமை உண்டு. ஆனால் உள்ளே துருப்பிடித்து வீங்கி வெண்கலத்தை வெடிக்கவைக்கும் இரும்புக் கம்பி இருந்தால், அது எவ்வளவு பழையதானாலும் எடுத்தே ஆக வேண்டும். மூடியிருப்பதை விட்டுவைக்கலாம், கெடுப்பதை விட்டுவைக்க முடியாது.

பிரெஷாவில் நடந்தது அந்த இரண்டாவது வகை. அந்தத் தேவதை 1826 ஜூலையில், ரோமானியக் கோயிலான கேப்பிட்டோலியத்துக்கும் பின்னால் இருக்கும் குன்றுக்கும் நடுவே ஒரு சந்தில் கிடைத்தது. பேரரசர் தலைகளும் நூற்றுக்கணக்கான வெண்கலத் துண்டுகளும் கூடவே கிடைத்தன. யாரோ உருக்குவதற்குத் தராமல் ஒளித்துவைத்தார்கள் என்பது ஊகம். உருக்குவதற்காகவே சேர்த்துவைத்த குவியல் என்றும் வாதிடலாம். ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம், கைகளும் சிறகுகளும் தனித்தனி. 19-ஆம் நூற்றாண்டில் அவற்றைச் சேர்த்து நிறுத்த உடம்புக்குள் ஒரு உலோகத் தாங்கியைச் செருகி, அடைப்புப் பொருளைத் திணித்துவிட்டார்கள். 2018 முதல் 2020 வரை ஃபிளாரன்ஸின் ஓபிஃபிச்சோ தெல்லே பியெத்ரே தூரே நிறுவனம் செய்த பெரிய வேலையே அந்த வயிற்றைக் காலிசெய்ததுதான். கை, சிறகு எல்லாவற்றையும் கழற்றி, பழைய தாங்கியையும் அடைப்பையும் எடுத்து, புதிய உள் தாங்கி வடிவமைத்து மறுபடி கூட்டினார்கள். பச்சைக் களிம்பை விட்டுவைத்தார்கள், ஏனென்றால் அது மண்ணுக்குள் கிடந்து இயல்பாக உண்டானது, நிலையாகவும் இருக்கிறது. இடதுகையில் பிடித்து எழுதிக்கொண்டிருந்த கேடயம் கிடைக்கவில்லை, அதனால் செய்து வைக்கவும் இல்லை. தலையில் வெள்ளி பதித்த பட்டை இருக்கிறது. நேரில் போனால் அதைத் தவறவிடாதீர்கள். கோயிலின் கிழக்கு அறையிலேயே, ஸ்பானியக் கட்டடக் கலைஞர் ஹுவான் நவாரோ பால்டெவெக் அமைத்த அரங்கில், நிலநடுக்கத்தைத் தாங்கும் பீடத்தின் மேல் அது நிற்கிறது.

உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பிரெஷா தேவதை முதலில் கிரேக்கர் செய்த காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி, சிறகு பின்னால் சேர்த்தது என்று நெடுங்காலம் ஒரு கட்சி இருந்தது. சமீபத்திய ஆய்வு அதை ஆரம்பத்திலிருந்தே சிறகோடு திட்டமிட்ட கி.பி. முதல் நூற்றாண்டு வேலை என்று பார்க்கிறது. எனக்கும் வார்ப்பு நுட்பச் சான்றுகள் அந்தப் பக்கம்தான் வலுவாகத் தெரிகின்றன, பழைய கருத்தைப் பிடித்திருப்பவர்களும் இருக்கலாம். சாட்டிரைப் போன்ற உருவங்கள் எந்தக் கிரேக்க மூலத்தைப் பார்த்துச் செய்தவை என்பதும் முடியாத வழக்கு. எல்லாவற்றையும்விடச் சிக்கலானது, புதிதாகச் செய்தபோது என்ன நிறம் என்ற கேள்வி. பளபளப்பான பொன்நிற உலோகமாக, கண்ணுக்கு எலும்பும் கண்ணாடியும் பதித்து, உதட்டுக்குச் செம்பு வைத்திருந்தார்கள் என்பதற்குப் பல சிலைகளில் சான்று உண்டு. ரோமில் 1885-ல் கிடைத்த, உட்கார்ந்திருக்கும் குத்துச்சண்டைக்காரர் சிலையில் வடியும் இரத்தத்தைக்கூடச் சிவந்த செம்பு பதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் முன்னோர் சிலைகளுக்கு நிலக்கீல் பூசும் வழக்கம் வைத்திருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார். எல்லாமே மின்னிக்கொண்டுதான் நின்றன என்று அடித்துச் சொல்ல முடியாது.

இப்போது எங்கே பார்க்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். சாட்டிர் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குத் திரும்பிவிட்டது, வில்லா டெய் பாப்பிரி அறைகளில் தேடுங்கள். அந்த அறைகள் சில சமயம் மூடியிருக்கும், போகும் முன் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. ரோமுக்கும் போவதாக இருந்தால் கேப்பிட்டோலின் அருங்காட்சியகத்துக்குள் போய் பேரரசர் மார்கஸ் அவுரேலியஸின் குதிரைச் சிலையைப் பாருங்கள். வெளியே சதுக்கத்தில் நிற்பது 1997-ல் வைத்த நகல். 1981-ல் இறக்கி, பல வருஷம் சீரமைத்து உள்ளே கொண்டுபோன அசலில் பொன்பூச்சின் மிச்சம் இன்னும் பளிச்சென்று தெரியும். நேப்பிள்ஸில் சாட்டிருக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஒன்று செய்யுங்கள். நேரே நின்று பார்க்காமல் ஓரமாக நகர்ந்து, வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் தோள், முட்டி, மணிக்கட்டைப் பாருங்கள். கறுப்புக்கு அடியில் மேடு தட்டும் கோடுகள் தெரியும். சிறு செவ்வகமாக இருந்தால் பெரும்பாலும் ரோமானியர், கோணல்மாணலாக ஓடினால் பெரும்பாலும் போர்பன் பட்டறை.